குவியலின் மேற்புறம்: செயற்கை நுண்ணறிவுக் காணொளி விளம்பரங்களும் வணிக நேர்மையும்

விற்கும் பொருளைப் புகழ்ந்து கூவுவது சந்தை தோன்றிய நாள் முதலே உள்ள வழக்கம். கூவியவனின் குரல் அச்சேறியபோது அது விளம்பரமாயிற்று. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஏறியபோது தனித் தொழிலாகவே வளர்ந்தது. அந்த வரிசையில் இப்போது வந்து சேர்ந்திருப்பது செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்படும் காணொளி. வேண்டிய காட்சியைச் சில வரிகளில் எழுதிக் கொடுத்தால் போதும். ஒளிப்படக் கருவியும் நடிகரும் படப்பிடிப்புத் தளமும் இன்றியே அசையும் காட்சி உருவாகிவிடுகிறது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 பிப்ரவரியில் அறிவித்த ‘சோரா’ இந்த நுட்பத்தை உலகறியச் செய்தது. கூகுள் நிறுவனம் 2025 மே மாதத்தில் வெளியிட்ட ‘வியோ 3’ காட்சியோடு பேச்சையும் ஓசையையும் சேர்த்தே ஆக்கித் தந்தது. ஆடை விற்பவர் முதல் உம்ரா பயணச் சேவை நடத்துபவர் வரை நம் சமுதாய வணிகர்களும் இதைக் கையாளத் தொடங்கியிருக்கும் வேளையில், இந்த விளம்பரங்களை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதை ஆராய்வது நம் கடமையாகிறது.

எந்தப் பாடத்தின் கேள்வி?

இதுபற்றி ஆலிம்களிடம் கேட்கப்படும்போது முதலில் எழுவது உருவப்படம் கூடுமா, கூடாதா என்னும் பழைய கேள்விதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ (ரஹ்) அவர்கள் ஒளிப்படம் கூடும் என்று தனி நூலே எழுதினார்கள். ஒளிப்படம் புதிதாக ஓர் உருவைப் படைப்பதில்லை. அல்லாஹ் முன்பே படைத்த ஒன்றின் நிழலைப் பிடித்து நிறுத்துகிறது என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம். இன்றைய காணொளியில் பிடித்து நிறுத்த எந்த நிழலும் இல்லை. அதில் சிரிக்கும் முதியவர் எந்த ஊரிலும் பிறந்தவர் அல்லர். அவர் அமர்ந்திருக்கும் திண்ணை எந்தத் தெருவிலும் இல்லை. எனவே ஒளிப்படத்துக்குச் சொன்ன முடிவை இதற்கும் நீட்டலாமா என்பது தனி ஆய்வுக்குரியது. அந்த ஆய்வு நடக்கட்டும்.

ஆனால் விளம்பரத்தைப் பொறுத்தவரை நாம் திறக்க வேண்டிய பாடம் வேறு. அது ‘கிதாபுல் புயூஃ’ என்னும் வணிகவியல் பாடம். உருவப்படத்தில் கருத்து வேறுபாடு உண்டு. வாங்குபவரை ஏமாற்றுவது விலக்கப்பட்டது என்பதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு இல்லை. அதே வேளையில் ஷைகு பகீத் அவர்களின் வாதம் நமக்கு மற்றொரு வகையில் உதவுகிறது. ஒளிப்படம் ஏதோ ஒன்றின் முன் நின்று எடுக்கப்பட்டது என்பதனாலேயே மக்கள் மனத்தில் அதற்குச் சாட்சியின் மதிப்பு வந்தது. எதன் முன்னும் நிற்காத காட்சி அதே மதிப்பை இரவல் வாங்கிக்கொண்டு சந்தையில் நடமாடுகிறது. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கட்டிய மடியும் தேக்கிய நீரும்

பாலைக் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, மடி பருத்துத் தோன்றும் ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்கும் வழக்கம் அரபு நாட்டில் இருந்தது. ‘தஸ்ரியா’ எனப்படும் இச்செயலைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அறியாமல் வாங்கியவர் கறந்து பார்த்தபின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. இங்கே விற்பவர் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பது கவனிக்கத் தக்கது. நிறையக் கறக்கும் என்று அவர் சொல்லவில்லை; மடி சொல்லிற்று. தோற்றத்தால் செய்யும் ஏமாற்றும் சொல்லால் செய்யும் ஏமாற்றுக்கு நிகரே என்னும் விதி இதிலிருந்து பிறந்தது. சட்ட நூலார் இதைத் ‘தத்லீஸ்’ என்றனர்.

ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ நூலில் இவ்விதியை விரித்துரைக்கிறார்கள். மாவாலையைச் சுற்றும் நீரைத் தேக்கிவைத்திருந்து, விற்கும் வேளையில் திறந்துவிட்டு ஆலை விரைந்து சுழல்வதாகக் காட்டினால், வாங்கியவருக்கு அதைத் திருப்பும் உரிமை உண்டு. அடிமை வணிகம் நிலவிய காலமாதலால், அடிமையின் முகத்துக்குச் சிவப்பேற்றுவதும் தலைமயிரைக் கறுப்பாக்குவதும் இவ்வகையில் சேர்க்கப்பட்டன. ஆனால் அதே தொடரில் ஒரு விலக்கும் வருகிறது. அடிமையின் ஆடையில் மையைப் பூசி, எழுதத் தெரிந்தவன் போலத் தோன்றச் செய்திருந்தால் திருப்பும் உரிமை இல்லை என்பதே வலுவான கருத்து. உரையாசிரியர்கள் காரணம் கூறுகின்றனர்: அவனைச் சோதித்திருந்தாலோ ஒரு வார்த்தை கேட்டிருந்தாலோ உண்மை வெளிப்பட்டிருக்கும், அதைச் செய்யாதது வாங்கியவரின் குறை.

ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தஸ்ரியாவுக்காகப் பிராணியைத் திருப்பும் உரிமையை ஏற்கவில்லை. எனினும் அது உரிமை பற்றிய வேறுபாடேயன்றிச் செயலின் பாவம் பற்றியது அன்று. ஆக, தேக்கிய நீர் ஒரு புறம், மைக்கறை மறு புறம். முன்னது பொருளின் இயல்பையே மாற்றிக் காட்டுகிறது. வாங்குபவரின் சாதாரண எச்சரிக்கைக்கு அது எட்டாது. பின்னது ஒரு குறிப்பை மட்டும் தருகிறது. ஒரு கேள்வியில் அது கலைந்துவிடும். காணொளி விளம்பரங்களை மதிப்பிட நமக்கு வேண்டிய அளவுகோல் இந்த ஒரு தொடருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

மூன்று விளம்பரங்கள்

பலராலும் பேசப்பட்ட மூன்று விளம்பரங்களில் இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, கொக்கோ கோலா நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட கிறிஸ்துமஸ் விளம்பரம். பனி படர்ந்த சாலையில் விளக்குகள் ஒளிர வரும் செந்நிற லாரிகளைக் காட்டிய தனது 1995ஆம் ஆண்டு விளம்பரத்தை அந்நிறுவனம் செயற்கை நுண்ணறிவால் மீண்டும் ஆக்கியது. கலைஞர்கள் கடுமையாகச் சாடினர், உயிரற்றது என்றனர், சக்கரங்கள் சுழலாமலே லாரிகள் வழுக்கிச் செல்வதைக் காட்டி நகைத்தனர். நிறுவனம் பின்வாங்கவில்லை; 2025இலும் அதே வழியில் மற்றொன்றை வெளியிட்டது. நெதர்லாந்தில் மெக்டொனால்ட்ஸ் 2025 டிசம்பரில் வெளியிட்ட இத்தகைய விளம்பரமோ எதிர்ப்பின் காரணமாகச் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. கலை என்ற அளவில் இக்கண்டனங்கள் நியாயமானவை. பழைய விளம்பரத்தின் நினைவைக் கடன் வாங்கியதற்கு மேல் புதியதில் ஒன்றும் இல்லை. ஆனால் இதில் தத்லீஸ் இல்லை. பனியில் வரும் லாரியைக் கண்டு பானத்தின் தன்மையை எவரும் தவறாக எண்ணப் போவதில்லை.

இரண்டாவது, 2025 ஜூனில் அமெரிக்கக் கூடைப்பந்து இறுதிப் போட்டிகளின்போது ஒளிபரப்பான கால்ஷி நிறுவனத்தின் விளம்பரம். வியோ 3 கொண்டு தனியொருவர் சில நாள்களில், ஏறத்தாழ 2,000 டாலர் செலவில் ஆக்கியது. கூச்சலும் கோமாளித்தனமுமான காட்சிகளின் தொகுப்பு. மெய்யென்று யாரும் நம்ப மாட்டார்கள். இங்கே குற்றம் காட்சியில் இல்லை, சரக்கில் இருக்கிறது. நடக்கப்போகும் நிகழ்ச்சிகளின் மீது பணம் வைக்க அழைக்கும் அந்த வணிகம் நம் மார்க்கப் பார்வையில் ‘மைசிர்’, சூதாட்டம். கவலை தருவது அதன் மலிவு. இத்தகைய பெருநிகழ்ச்சிக்கு விளம்பரம் எடுக்க முன்பு பெருந்தொகை வேண்டியிருந்தது. அந்தத் தடை தகர்ந்தபின் நல்ல சரக்குக்கும் தீய சரக்குக்கும் வாசல் ஒருங்கே திறந்துவிட்டது.

மூன்றாவதுதான் நுட்பமானது. 2021 தீபாவளியின்போது கேட்பரி நிறுவனம் இந்தியாவில் நடத்திய விளம்பரத்தில், நடிகர் ஷாருக் கானின் முகமும் குரலும் இயந்திரக் கற்றலால் மாற்றியமைக்கப்பட்டன. சிறு கடைக்காரர் எவரும் தம் கடையின் பெயரை அவர் சொல்லிப் பரிந்துரைப்பது போன்ற காணொளியை ஆக்கி வாட்ஸ்அப்பிலும் பிற தளங்களிலும் பரப்பிக்கொள்ளலாம். நடிகரின் இசைவு இருந்தது. செய்யும் முறை மறைக்கப்படவில்லை. கொரோனாவால் நலிந்த சிறு வணிகர்க்கு உதவுவது நோக்கம். பெரும் பாராட்டையும் பரிசுகளையும் பெற்றது. நம் அளவுகோலில் இது மைக்கறையைச் சேர்ந்தது. இவ்வளவு பெரிய நடிகர் நம் தெருமுனைக் கடையை எப்படி அறிவார் என்று ஒரு நொடி எண்ணினால் கறை கலைந்துவிடும். ஆயினும் ஒரு வாசலை இது திறந்து வைத்தது. ஒருவர் அறியாத கடையைப் பற்றி, அவர் சொல்லாத சொல்லை, அவர் வாயிலிருந்தே வரச் செய்யலாம் என்பது அன்று இனிய விளையாட்டாக அறிமுகமாயிற்று.

பொதுவெளியில் எழும் கண்டனம் பெரும்பாலும் தோற்றுப்போன காட்சிகளின் மீதே பாய்கிறது. ஆறு விரல் கை, சுழலாத சக்கரம், செத்த கண்கள். இவற்றால் ஏமாறுபவர் யாருமில்லை. குறை தெரியாத காட்சியே தத்லீஸுக்குரிய கருவி. நுட்பம் தேறத் தேறக் கலை விமர்சகரின் புகார் குறையும்; சட்ட அறிஞரின் புகார் கூட வேண்டும்.

காணாதவரின் சாட்சி

அந்த வாசல் வழியே அடுத்து வந்தவர்கள் இசைவு கேட்கவில்லை. தம் உருவைக் கொண்டு பல் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை விளம்பரப்படுத்துவதாக நடிகர் டாம் ஹாங்ஸ் 2023 அக்டோபரில் மக்களை எச்சரித்தார். தம்முடைய பொய்யான காணொளி கைபேசி விளையாட்டுச் செயலி ஒன்றுக்குப் பரிந்துரை கூறுவதாகச் சச்சின் டெண்டுல்கர் 2024 ஜனவரியில் அறிவித்தார். இவை அப்பட்டமான மோசடிகள். இவற்றின் தீர்ப்பில் ஆய்வுக்கு ஒன்றும் இல்லை.

ஆய்வுக்குரியது இவற்றைவிட அடக்கமான ஒரு வகை. யாருடைய முகமும் திருடப்படுவதில்லை. எங்கும் இல்லாத ஒரு முகம் ஆக்கப்படுகிறது. வெள்ளைச் சட்டை அணிந்த நடுத்தர வயதினர் ஒருவர் தோன்றி, இந்தத் தைலத்தைத் தேய்த்தபின் தம் மூட்டுவலி நீங்கிற்று என்று மனமுருகிச் சொல்கிறார். அவருக்கு மூட்டும் இல்லை, வலியும் இல்லை. முகம் யாருக்கும் சொந்தமில்லாததால் வழக்குத் தொடுக்கவும் ஆளில்லை. யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று விளம்பரம் செய்தவர் நினைக்கிறார். தீங்கு வாங்குபவருக்கு என்பது அவர் கணக்கில் வருவதே இல்லை.

பெரும் பாவங்களை எடுத்துரைக்கும்போது, சாய்ந்திருந்த பெருமானார் (ஸல்) அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, பொய்ச்சாட்சியைத் திரும்பத் திரும்பச் சொன்னதாக அபூபக்ரா (ரலி) அறிவிக்கிறார்கள். தனக்கு அறிவில்லாத ஒன்றைப் பின்பற்றுவதைத் தடுத்து, செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று எச்சரிக்கிறது திருக்குர்ஆன் (17:36). சாட்சி என்பது கண்டதைச் சொல்வது. கண்ணே இல்லாத ஓர் உருவைக் கொண்டு ‘கண்டேன்’ என்று சொல்ல வைப்பது பொய்ச்சாட்சியின் புதிய வகையேயன்றி வேறில்லை. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்கும் ‘நஜ்ஷ்’ என்னும் செயலும் இதன் உறவே. ஏலக் களத்தில் நிறுத்தப்பட்ட போலி வாடிக்கையாளர் அன்று ஓர் ஆளாகவேனும் இருந்தார். இன்று அதுவும் இல்லை. உலகியல் சட்டமும் இதை உணரத் தொடங்கியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்டவை உட்படப் போலி நுகர்வோர் மதிப்புரைகளைத் தடைசெய்யும் விதியை அமெரிக்க வணிக ஆணையம் 2024இல் பிறப்பித்தது.

ஒரு சரக்கு, நூறு முகங்கள்

சமூக ஊடகங்களில் விளம்பரம் ஒரே வடிவில் உலவுவதில்லை. யூடியூபுக்கு அகலக் காட்சி; இன்ஸ்டாகிராமுக்கும் குறுங்காணொளிகளுக்கும் நெடுக்குக் காட்சி; வாட்ஸ்அப்புக்கு இன்னும் சுருக்கம். இது வரையில் அளவின் வேறுபாடுதான். ஆனால் மறுவடிவம் ஆக்கும் செலவு ஏறத்தாழ இல்லாமல் போனபின், வேறுபாடு அளவோடு நிற்பதில்லை. முதியோர் பார்க்கும் தளத்தில் ஒரு முதியவர், இளைஞர் தளத்தில் ஓர் இளைஞர், தாய்மார்களுக்கு ஒரு தாய் என ஒரே சரக்குக்கு முகங்கள் மாறுகின்றன. முகத்தோடு வாக்குறுதியும் மாறலாம். எது மிகுதியாக வாங்க வைக்கிறது என்று எண்ணிப் பார்த்து, விற்கும் வடிவத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுகின்றனர்.

பழைய சந்தையில் வணிகர் எல்லாருடைய செவியும் கேட்க ஒரே சொல்லைச் சொன்னார். ஒருவரிடம் ஒன்றும் மற்றவரிடம் வேறொன்றும் சொன்னால் பக்கத்துக் கடைக்காரரே சிரித்திருப்பார். இன்று ஒவ்வொருவரும் தனித்தனித் திரையில், தமக்கெனச் செய்யப்பட்ட சொல்லைக் கேட்கின்றனர். மற்றவரிடம் என்ன சொல்லப்பட்டது என்பது தெரிவதில்லை. இவர்களிடம் ஒரு முகத்தோடும் அவர்களிடம் வேறு முகத்தோடும் வருபவனை மனிதரில் மிகக் கெட்டவன் என்று நபிமொழி இழித்துரைக்கிறது. மொழியை மாற்றுவது, அளவை மாற்றுவது, எடுத்துக்காட்டை மாற்றுவது ஆகியவை இந்த இழிவில் சேரா. பொருளின் தன்மை பற்றிய கூற்று தளத்துக்குத் தளம் மாறினால் சேரும்.

முத்திரை எங்கே இருக்கிறது?

இதற்கெல்லாம் மாற்றாகச் சொல்லப்படுவது முத்திரை: இக்காட்சி செயற்கையாக ஆக்கப்பட்டது என்று அறிவித்துவிட்டால் போதும் என்பர். சரியான தொடக்கமே. ஆனால் அறிவிப்பு எங்கே இருக்கிறது என்பதும் கேட்கப்பட வேண்டும்.

கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற பெருமானார் (ஸல்) அவர்கள் அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததாக வணிகர் சொன்னார். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இச்செய்தியில் குறை இருப்பது கண்டிக்கப்படவில்லை. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்றும் சொல்லப்படவில்லை. குறை கீழே இருந்ததே கண்டிக்கப்பட்டது.

மெய்போலத் தோன்றும் செயற்கைக் காட்சிகளை அறிவிக்க வேண்டும் என்று யூடியூப் 2024 மார்ச்சில் விதித்தது. ஆனால் உடல்நலம், செய்தி, தேர்தல், நிதி போன்றவை தவிரப் பெரும்பாலானவற்றுக்கு அந்த அறிவிப்பு காணொளிக்குக் கீழே, விரித்துப் பார்த்தால் தெரியும் விவரக் குறிப்பில் இருக்கும் என்றும் சொன்னது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் தளங்களை நடத்தும் மெட்டா நிறுவனம், செயற்கை நுண்ணறிவால் திருத்தப்பட்ட பதிவுகளுக்கான முத்திரையை 2024 செப்டம்பரில் பட்டியலுக்குள் தள்ளிவைத்தது. கோப்பினுள் பதிக்கப்படும் மூலக் குறிப்போ, காணொளியைப் படியெடுத்து வேறொரு தளத்தில் ஏற்றும்போது பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. ஒரு தளத்தில் முத்திரையோடு பிறந்தது மறுதளத்தில் முத்திரையின்றி உலவுகிறது. நனைந்த தானியம் மறுபடியும் அடியில் போய்விடுகிறது.

இந்திய அரசு 2025 அக்டோபரில் முன்வைத்த வரைவு, முத்திரை காட்சிப் பரப்பில் பத்தில் ஒரு பங்கேனும் இருக்க வேண்டும் என்றது. 2026 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விதிகளில் அந்த அளவு கைவிடப்பட்டது. முத்திரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது நிலைத்தது. தெளிவு என்பதை யார் அளப்பது என்ற கேள்வி இங்கே எழும். ஒரு முஸ்லிம் வணிகருக்கு அந்த அளவு கையில் உள்ளது: வாங்குபவர் தேடாமலே அவர் கண்ணில் பட வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

விளம்பரம் என்றாலே அழகுபடுத்துவதுதானே என்பர் சிலர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் வணிகரைப் பற்றிப் பேசும்போது, துணியின் நல்ல பக்கத்தைக் காட்டி மறுபக்கத்தை மறைப்பதையும், மங்கிய வெளிச்சத்தில் துணியை விரிப்பதையும், இரு செருப்பில் நல்லதை மட்டும் எடுத்துக் காட்டுவதையும் ஏமாற்று என்றே எண்ணுகிறார்கள். இருக்கும் துணியில் நல்ல பக்கத்தை மட்டும் காட்டுவதே குற்றமானால், இல்லாத துணியைக் காட்டுவதை என்னவென்பது?

இதனால் இந்நுட்பத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்று பொருளாகாது. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் குடும்பத்துக்குப் படப்பிடிப்புக் குழுவை அமர்த்த வசதி இல்லை. கணினியின் துணையால் அவர்கள் தம் பாயைப் பற்றிப் பல மொழிகளில் சொல்ல முடியுமானால் அது அருளே. தாமிரபரணிக் கரையைக் கணினி வரையட்டும். பின்னணிக் குரலை அது தரட்டும். ஆனால் பாயை மட்டும் கருவியால் எடுக்க வேண்டும். பாயில் இல்லாத நெசவு நுணுக்கத்தைக் கணினி நெய்து காட்டினால், அது தேக்கிய ஆலை நீர். பொருள் காட்டப்படும் இடத்தில் மெய்க்காட்சி. பொருளைச் சுற்றிய அலங்காரத்தில் வேண்டுமானால் ஆக்கக்காட்சி. இதை ஓர் எளிய விதியாகக் கொள்ளலாம்.

ஒரு மஸ்அலாவை எடுத்துக்கொள்வோம். உம்ரா சேவை நிறுவனம் ஒன்று, விடுதியின் சாளரத்தைத் திறந்தால் கஅபா தெரிவதாகக் காணொளி ஆக்குகிறது. உண்மையில் விடுதி ஹரமுக்குப் பேருந்தில் செல்லும் தொலைவில் உள்ளது. தொலைவைப் பற்றி நிறுவனம் ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. பயணியோ ஆயுள் சேமிப்பைக் கட்டிய முதியவர்; மக்கா சென்று இறங்கும் வரை சோதித்தறிய அவருக்கு வழியில்லை. இது மைக்கறையா, கட்டிய மடியா? எனக்கு ஐயமில்லை, இது கட்டிய மடி. ரமளானில் ஸகாத் திரட்டும் அறநிலையம் ஒன்று, எங்கும் இல்லாத ஓர் அநாதைக் குழந்தையின் கண்ணீரை ஆக்கிக் காட்டினால் அதற்கும் இதே தீர்ப்பு. நோக்கம் நல்லது என்பது சாட்சியை மெய்யாக்காது. இருக்கும் குழந்தையின் மானத்தைக் காக்க அதன் முகத்தைக் காட்டாமல் விட்டுவிடலாமே தவிர, இல்லாத முகத்தைச் செய்ய வேண்டியதில்லை.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி உள்ளதைத் தெளிவுபடுத்தினால் அவர்கள் வணிகத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்துப் பொய்யுரைத்தால் அது துடைக்கப்படும் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் நபிமொழி கூறுகிறது. உண்மை பேசுதல், தெளிவுபடுத்துதல் என இரண்டும் தனித்தனியே சொல்லப்பட்டிருப்பது கருதத்தக்கது. பொய் சொல்லாமலிருப்பது முதற்பாதி. காட்சியே பேசும் இக்காலத்தில் நம் வணிகரிடம் கேட்கப்படுவது இரண்டாம் பாதி. ஜும்ஆ உரைகளிலும் வணிகர் கூட்டமைப்புகளிலும் இந்த இரண்டாம் பாதி பேசப்பட வேண்டும். அரபுக் கல்லூரிகளில் தஸ்ரியா பாடம் நடத்தும் நாளில், கட்டிய மடிக்கு எடுத்துக்காட்டாக மாணவர் கைபேசியில் அன்று காலை வந்த விளம்பரத்தையே காட்டலாம். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.